வெள்ளைப் பையில் விழுந்த அரிசி

சென்னைக்குக் குடிபோவது என்று முடிவானதும், அந்த மாநகரத்தின் எந்த மூலையில் வீடு பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு எங்கள் வீட்டில் ஒரு பித்தளைச் சொம்பிடம் ஒப்படைக்கப்பட்டது. மற்றவர்கள் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், பஸ் உண்டா என்று விசாரிப்பார்கள். என் அப்பாவும் அதையெல்லாம் விசாரித்தார். ஆனால் கடைசி வார்த்தை சொம்பினுடையது. இதை என் அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், இந்தப் பகுதியில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வெட்கப்படவேண்டியது இதற்கு அப்புறம்தான் வருகிறது.

அப்போது நாங்கள் திருப்பதியில், கொர்லகுண்டாவில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குச் சொந்த ஊர் சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர். அந்தப் பக்கத்து வழக்கப்படி நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் மெக்கானிக்காக இருந்தார். அதை மூடிவிட்டார்கள். சென்னை அம்பத்தூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. தீபாவளி கழிந்து சேரவேண்டும், குடும்பத்தோடு போய்விடுவது என்று பேச்சு. எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில், தெலுங்கில் எழுதிப் படித்து, தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் மனசு திருநின்றவூரில் இருந்தது. அவளுடைய அக்கா, அதாவது என் பெரியம்மா, அங்கே இருந்தாள். அங்கிருந்து லோக்கல் ரயிலில் ஏறினால் அரை மணியில் அம்பத்தூர். திருப்பதிக்கு வரவேண்டுமென்றாலும் அதே தண்டவாளம்தான். அம்மா பெரிதாக வாதாடவில்லை. “எனக்கு அங்க அக்கா கீறா” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை.

என் மனசு கடலில் இருந்தது. சென்னை என்றால் கடல் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நைனாவோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் கொட்டிவாக்கத்தில் குடியிருந்தார். அங்கே ஒரு சின்னப் போர்ஷன் காலியாக இருக்கிறது, கடலுக்கு நடந்தே போகலாம் என்று அவர் போனில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டேன். மறுநாளே வகுப்பில், எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் சமுத்திரம் தெரியும் என்று தெலுங்கில் பிரகடனம் செய்தேன். அதுவரை என்னை ‘அரவம்’ என்று கேலி செய்த பெண்கள் எல்லாம் அன்று என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தெலுங்கில் தமிழர்களை மட்டமாகச் சொல்லும் வார்த்தை அது. இனிமேல் திருநின்றவூர் என்றால் என் மானம் போய்விடும் என்ற நிலைமையை நானே உண்டாக்கிக்கொண்டேன்.

கொட்டிவாக்கத்திலிருந்து அம்பத்தூர், நகரத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அம்மா அதை எடுத்துச் சொன்னாள். நைனா சிரித்துக்கொண்டு, “நம்ம எதுக்கு அடிச்சிகினு? பெருமாளையே கேட்டுறலாம்” என்றார்.

பெருமாளைக் கேட்பது எங்கள் வீட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான். புரட்டாசி சனிக்கிழமைகளில் நெற்றியில் பட்டையாக நாமம் போட்டுக்கொண்டு, நாமம் வரைந்த சொம்பை ஏந்தி, வீடு வீடாகப் போய் “கோவிந்தா” என்று குரல் கொடுக்கவேண்டும். வீட்டுப் பெண்கள் ஒரு கை அரிசி போடுவார்கள். அந்த அரிசியில்தான் பெருமாளுக்குப் பொங்கிப் படைக்கும் தளிகை போடவேண்டும். வீட்டில் மூட்டை மூட்டையாக இருந்தாலும் அதில் போடக்கூடாது. பெரிய அதிகாரியாக இருந்தாலும் அன்றைக்கு வாசலில் நின்று கேட்டுத்தான் ஆகவேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் இதைப் பிச்சை என்று நினைப்பதில்லை. வாங்குகிறவரைப் பார்த்துத்தான் போடுகிறவர்கள் கும்பிடுவார்கள்.

நைனா இதற்கு ஒரு புது உபயோகம் கண்டுபிடித்தார். இரண்டு பேட்டைக்கும் ஒரே சனிக்கிழமை போவது. இரண்டிலும் பதினோரு வீடு. எங்கே அரிசி அதிகம் விழுகிறதோ அங்கே குடித்தனம்.

“புரோக்கரு ஊட்ட காட்டுவான், தெருவ காட்டமாட்டான்” என்றார் அம்மாவிடம். “தெரு எப்டின்னு சொம்பு சொல்லும்.”

அம்மாவுக்கு இதில் ஆட்சேபணை இல்லை. பெருமாள் தன் அக்காவின் பக்கம்தான் பேசுவார் என்று அவளுக்குத் தைரியம் இருந்திருக்கவேண்டும். இரண்டு துணிப் பைகள் தைத்தாள். மஞ்சள் பை திருநின்றவூருக்கு, வெள்ளைப் பை கொட்டிவாக்கத்துக்கு. “நான் வர்ல. வந்தா எங்க அக்கா ஊரு எங்க அக்கா ஊருன்னு சொல்லிகினு இருப்பேன். நீங்களே பாத்துகினு வாங்க” என்று ஒதுங்கிக்கொண்டாள். பையைத் தூக்க நான் போனேன்.

நைனாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மனிதர் சரியான விளையாட்டுக்காரர். வேலை முடிந்து வந்தால் நேராக உள்ளே வரமாட்டார். கதவைத் தட்டி, குரலை மாற்றி, “கரென்ட்டு பில்லு கட்டலேது, பியூஸு பீகேஸ்தாம்” என்று மின்சார வாரியத்து ஆளைப்போல் தெலுங்கில் மிரட்டுவார். பில் கட்டவில்லை, ஃப்யூஸைப் பிடுங்கப்போகிறோம் என்று அர்த்தம். அம்மா ஒவ்வொரு தடவையும் ஏமாந்து ஓடிவருவாள். நான் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன். அப்படிப்பட்டவர் கோவிந்தா விஷயத்தில் மட்டும் துளி விளையாட்டும் வைத்துக்கொள்ளமாட்டார். காலில் செருப்பு கூடாது. ராத்திரி வரை சாப்பாடு கூடாது. விழுந்த அரிசியைக் கிள்ளிக்கூட வேறு எதற்கும் எடுக்கக்கூடாது. தரையில் சிந்தினால் ஒரு மணி விடாமல் பொறுக்கவேண்டும்.

விடிகாலை ரயிலில் ஏறி, திருவள்ளூரில் இறங்கி, லோக்கல் பிடித்துத் திருநின்றவூர் போனோம். என் நெற்றியிலும் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. பெரியம்மா இருக்கும் தெருவை நைனா வேண்டுமென்றே விட்டுவிட்டார். தெரிந்தவர்கள் போட்டால் பெருமாள் தீர்ப்பு செல்லாது என்றார். முன்பின் தெரியாத ஒரு தெருவில் நுழைந்து முதல் வாசலில் “கோவிந்தா” என்றதுமே, உள்ளேயிருந்து ஒரு பெண் “இருங்க சாமி, வந்துட்டேன்” என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு கேட்பானேன். ஒரு வீட்டில் முறத்தோடு கொண்டுவந்தார்கள். இன்னொரு வீட்டில் பிள்ளையை விட்டுப் போடச் சொன்னார்கள். அது பாதியைச் சொம்புக்கு வெளியே போட, நைனாவும் அந்த வீட்டுக்காரரும் உட்கார்ந்து பொறுக்கினார்கள். பொறுக்கும்போதே பேச்சு நடந்தது.

“எந்த ஊரு சாமி?”

“திருப்பதி. சொந்த ஊரு கங்காதர நெல்லூரு.”

“அட, எங்க அம்மா ஊட்டு பக்கம்! இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்துகினு?”

“இங்க குடி வரலாமான்னு பாக்கறோம்.”

“வாங்க, தாராளமா வாங்க. எதுத்த ஊடு காலியாதான் கீது.”

ஆறாவது வீட்டிலேயே சொம்பு இரண்டு தடவை நிரம்பிவிட்டது. மஞ்சள் பை என் தோளை இழுத்தது. நைனாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கோ, போடுகிற ஒவ்வொரு பெண்ணும் என் கடலில் ஒரு கை மண்ணை அள்ளிப் போடுவதாகத் தோன்றியது. இவர்கள் ஏன் இவ்வளவு நல்லவர்களாக இருந்து தொலைக்கவேண்டும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன்.

பெரியம்மா வீட்டில் நான் சாப்பிட்டேன். நைனா மோர் மட்டும் குடித்தார். பிறகு சென்ட்ரல் போய், அங்கிருந்து பறக்கும் ரயிலில் ஏறினோம். எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் நைனாவின் நாமத்தையும் வெறுங்காலையும் மடியிலிருந்த சொம்பையும் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் பேசிய தமிழ் டிவியில் வரும் தமிழாக இருந்தது. நான் வியர்வையைத் துடைப்பதுபோல் நெற்றியைத் துடைத்தேன். எச்சில் தொட்டு இன்னொரு தடவையும் துடைத்தேன். நைனா பார்த்தாரா என்று தெரியாது. ஜன்னல் வழியாக ஏதோ ஒரு கட்டடத்தைக் காட்டி, “எவ்ளோ பெருசு பாரு அம்மாடி” என்றார்.

கொட்டிவாக்கத்தில் முதல் வேலையாக என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணலில் வெறுங்கால் சுட்டு அவர் குதித்துக் குதித்து நடந்தார். கடல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நைனா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலை அவர் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

பிறகு தெருவுக்கு வந்தோம். அழகான தெரு. மரங்கள், உயரமான சுவர்கள், பூட்டிய இரும்புக் கதவுகள். நைனா முதல் கதவின் முன்னால் நின்று “கோவிந்தா” என்று குரல் கொடுத்தார். உள்ளே நாய் குரைத்தது. இன்னொரு தடவை கொடுத்தார். நாய்தான் மறுபடியும் பதில் சொன்னது. இரண்டாவது வீட்டில் மாடியிலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து, சில்லறை இல்லை, போப்பா என்றாள். “சில்லறை வேணாம்மா, அரிசி போட்டா போதும்” என்றார் நைனா. அவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினாள். மூன்றாவது வீட்டில் ஒருவர் வெளியே வந்து, உனக்கெல்லாம் கை கால் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஆரம்பித்தார். நைனா பொறுமையாகப் புரட்டாசி மாதத்தைப் பற்றி விளக்கப் பார்த்தார். வந்துகினு, போய்கினு என்று அவர் விளக்க விளக்க எனக்கு உடம்பு கூசியது. அந்தத் தெருவில் அந்தத் தமிழைப் பேசியவர் மூலையில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவர்தான்.

அதுவரை அவர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவள் நான்கடி பின்னால் போனேன். பிறகு பத்தடி. பிறகு எதிர்ப் பக்கத்து மர நிழலில் நடக்க ஆரம்பித்தேன். வெயில் என்று ஒரு காரணம் கையில் இருந்தது.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டுக்குக் கீழே குடியிருந்த காவல்காரரின் மனைவி மட்டும் ஓடிவந்து இரண்டு கை அரிசி போட்டு, நைனாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவ்வளவுதான். பத்து வீடு முடிந்தபோது சொம்பின் அடி மறைந்திருந்தது, அதற்கு மேல் இல்லை. நைனா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போதும் அம்மாடி. பெருமாள் சொல்லிட்டாரு” என்றார்.

“பதினோரு வீடுன்னு சொன்னியே நைனா. இன்னும் ஒண்ணு கீது” என்றேன்.

அவருக்கு அந்த இன்னொரு வீட்டில் இஷ்டமில்லை. எனக்காகத்தான் போனார். அந்த வீட்டின் கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லாததால் நாலடி உள்ளே போய், கார் நிற்கும் இடத்தில் நின்று குரல் கொடுத்தார். நான் எதிர்ப் பக்கத்திலேயே நின்றேன். அப்போதுதான் சைக்கிளில் ஒரு பெண் வந்து என் அருகில் காலை ஊன்றி நின்றாள். என் வயதுதான். முடியைத் தோளளவு வெட்டியிருந்தாள்.

“நீ யாரு? இந்தத் தெருல உன்னைப் பார்த்ததே இல்லையே” என்றாள்.

“நாங்க இங்க வீடு பார்க்க வந்திருக்கோம்” என்றேன். டிவித் தமிழ் எனக்கே ஆச்சரியப்படும்படி சரளமாக வந்தது.

“அப்பாவோடயா? எங்க அவர்?”

“வீட்டுக்காரரோட பேசிட்டு இருக்கார். கார்ல வந்தோம்.”

அவள் எதிர்வீட்டுக்குள் நின்ற நைனாவைக் கண்ணால் காட்டினாள். “அந்த ஆள் யாரு? எங்க வீட்டுக்குள்ள நிக்கறாரு?”

இந்த இடத்தில் நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ வருஷமாக யோசித்திருக்கிறேன். பேசாமலாவது இருந்திருக்கலாம். அந்தப் பெண் ஒன்றும் மிரட்டவில்லை, சும்மாதான் கேட்டாள்.

“தெரியல. யாரோ பிச்சைக்காரன்” என்றேன்.

ன் விகுதியோடுதான் சொன்னேன். ‘பிச்சைக்காரர்’ என்றுகூடச் சொல்லவில்லை.

நான் சொன்னது நைனாவின் காதில் விழாத அளவுக்கு அது அகலத் தெருவும் அல்ல. அவள் உடனே, “வாட்ச்மேன் அங்கிள், இங்க பாருங்க, பிச்சைக்காரன் உள்ள வந்துட்டான்” என்று சத்தம் போட்டாள். பின்பக்கத்திலிருந்து ஒரு ஆள் ஓடிவந்து நைனாவின் புஜத்தைப் பிடித்து இழுத்தார். நைனா எதிர்க்கவில்லை. “வரேன்பா, வரேன்பா, விடு” என்றுதான் சொன்னார். இழுத்த இழுப்பில் சொம்பு கீழே விழுந்து உருண்டது. அடுக்குமாடிக் காவல்காரரின் மனைவி போட்ட அரிசி வாசலெங்கும் சிந்தியது.

நைனா மண்டியிட்டுப் பொறுக்க ஆரம்பித்தார். போய்த் தொலையேன் என்று வாட்ச்மேன் அதட்டினார். “கால் படக்கூடாதுப்பா, ரெண்டு நிமிசம்” என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். திருநின்றவூரில் கூடவே உட்கார்ந்து பொறுக்க ஒரு ஆள் இருந்தார். இங்கே நான் இருந்தேன். என் தோளில் மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

“பாவம் இல்ல?” என்றாள் சைக்கிள் பெண்.

“ஆமா” என்றேன்.

பொறுக்கி முடித்து எழுந்த நைனா, தெருவைக் கடந்து நேராக எங்களை நோக்கி வந்தார். அம்மாடி என்று கூப்பிடப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் எங்களுக்கு எதிரில் கொஞ்சம் தள்ளியே நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

“பாப்பா, பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்ங்க?” என்றார்.

என்னிடம்தான் கேட்டார். நான் கையை நீட்டி, “அந்தப் பக்கம்” என்றேன்.

“ரொம்ப தேங்க்ஸ்ங்க” என்று சொல்லிவிட்டு நான் காட்டிய பக்கமே நடந்து போனார். நைனா என்னை ‘ங்க’ போட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான்.

சைக்கிள் பெண் கதவைத் திறந்து உள்ளே போனதும் நான் ஓடினேன். தெருமுனையில் ஒரு டீக்கடை ஓரத்தில் நைனா உட்கார்ந்திருந்தார். பொறுக்கிய அரிசியிலிருந்து சின்னக் கற்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓடிவந்த வேகத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பயம் எல்லாம் போய் ஒரே குஷியாக இருந்தது.

“நைனா, சூப்பரா ஏமாத்திட்டோம்ல! அந்தப் பொண்ணு நம்பிட்டா!” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஆமாமா, நல்லா ஏமாந்துட்டா” என்றார். மின்சார வாரியத்து ஆளாக மிரட்டுவாரே, அதே மாதிரி ஒரு நாடகம் ஆடினார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பத்து வயதுக்கு அப்படி நம்ப முடியும். அப்படி நம்புவது வசதியாகவும் இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் எனக்குக் கிடைத்தது. “கடலு உனக்குப் பிடிச்சிகீதா?” என்று நைனா கேட்டார். பிடிச்சிருக்கு என்றேன். “அந்தத் தெரு?” அதுவும் பிடிச்சிருக்கு என்றேன். அரக்கோணம் தாண்டியதும் இரண்டு பைகளையும் மடியில் வைத்தார். கையைக் கூப்பிக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு மஞ்சள் பையின் வாயைப் பிரித்து, அதிலிருந்த அரிசியை வெள்ளைப் பைக்கு மாற்ற ஆரம்பித்தார். ஒரு மணி சிந்தாமல், சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினார். மஞ்சள் பையில் அடியில் ஒரு பிடி நின்றதும் நிறுத்தி, இரண்டையும் கட்டினார்.

“ஏன் நைனா?”

“இது தைச்சது நல்லா இல்ல. கிழிஞ்சிடும்” என்றார்.

பையில் ஒரு கிழிசலும் இல்லை. அம்மாவின் தையல் எப்போதும் கெட்டி. அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடல் எனக்குக் கிடைத்துவிட்டது என்று புரிந்துவிட்டது. ஒரு கை அரிசியைக்கூட இடம் மாற்றாதவர், பெருமாள் சொல்லை மாற்றி எழுதுகிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. நாடகம் இன்னும் நடக்கிறது, நானும் அதில் ஒரு பாத்திரம் என்றுதான் இருந்தது.

அம்மா வாசலிலேயே பைகளை வாங்கி இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பை இருந்த கை தாழ்ந்தது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“கடலாண்ட இவ்ளோ போட்டாங்களா?”

“போட்டாங்க” என்றார் நைனா, காலைக் கழுவிக்கொண்டே. கால் அடியில் கொப்புளம் கண்டிருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நெஜமாடி?”

அந்தக் கேள்வியை அவள் என்னிடம் ஏன் கேட்டாள் என்று இப்போது தெரிகிறது. அவள் நம்பிக்கொண்டிருந்த ஒரே சாட்சி நான். “நெஜமாம்மா. ஒரு ஊட்ல ரெண்டு தபா போட்டாங்க. ஒரு பொண்ணு சைக்கிள்ள பின்னாலயே வந்து போட்டா” என்றேன். தேவையே இல்லாமல் அந்தப் பெண்ணை வேறு சேர்த்தேன். நைனா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அன்றே தன் அக்காவுக்குப் போன் செய்தாள். “பெருமாள் அப்டி சொல்லிட்டாருக்கா. நம்ம இன்னா செய்யறது?” என்று சிரித்துக்கொண்டுதான் பேசினாள். பிறகு தலைவலி என்று சீக்கிரமே படுத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அந்த அரிசியில் தளிகை போட்டார்கள். சர்க்கரைப் பொங்கல் நன்றாக வந்திருந்தது. நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நைனா பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வயிறு சரியில்லை என்று வைத்துவிட்டார்.

கொட்டிவாக்கம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது. குழாயில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. அம்மாவின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ஐந்து வருஷத்தில் அவளுக்கு அந்தத் தெருவில் ஒரு சிநேகிதிகூடக் கிடைக்கவில்லை. நைனா ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் அம்பத்தூர் போய் வேலை பார்த்துத் திரும்ப இருட்டிவிடும். என் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்ததே இல்லை. லீவு கிடைக்கவில்லை என்பார், அம்மாதான் வருவாள். தெருவில் என் சிநேகிதிகளோடு நான் நின்றால் சந்து வழியாகப் போவார். புரட்டாசி வந்தபோது, கோவிந்தா போடுவதையெல்லாம் இந்த ஊரில் யார் செய்கிறார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். கதவைத் தட்டி மிரட்டுவதும் எப்போதோ நின்றுபோயிருந்தது. எனக்கு இதிலெல்லாம் ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாக இருந்தது.

ஏழாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு சிநேகிதிகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அடையாறில் கூட்டத்தோடு நைனா ஏறினார். கிடங்கில் ஏதோ கோளாறு என்று அன்று சீக்கிரம் விட்டிருக்கிறார்கள். சட்டையெல்லாம் கிரீஸ், கையில் ஸ்பானர் பை. கூட்டம் அவரை எங்களுக்குப் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியது. என் சிநேகிதி மூக்கைச் சுளித்து, “அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, யூனிஃபார்ம்ல படுது” என்றாள்.

“சரிங்கம்மா” என்று நைனா பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்பக்கம் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாடகம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது என்று எனக்குக் குஷியாக இருந்தது. அவர் பார்வை என் பக்கம் வந்த ஒரு நொடியில் யாருக்கும் தெரியாமல் கண்ணடித்தேன். நைனா திருப்பிக் கண்ணடிக்கவில்லை. கூட்டத்தில் சரியாகத் தெரிந்திருக்காது. எங்கள் ஸ்டாப் வந்ததும் நாங்கள் மூவரும் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. பஸ் அவரோடு போய்விட்டது.

அரை மணி கழித்து வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டாள். “பஸ்ஸுல தூங்கிட்டேன். ஸ்டாப்பு தாண்டிப்போச்சி, நடந்து வரேன்” என்றார்.

“நின்னுகினே எப்டி நைனா தூங்குன?” என்று நான் கேட்டேன். அதைக் கேட்டு அம்மாவும் நானும் வயிறு வலிக்கும்வரை சிரித்தோம்.